டிராகன் செதிலுக்குப் பஞ்சு வைப்பது எப்படி

தைவானில், தைனான் நகரத்துக் கோயில்களில் வாசலுக்கு மேலே ஒரு நீளமான சிவப்புத் துணி தொங்கும். பாஷியன்சாய் என்பார்கள். சீனக் கதைகளில் வரும் சாகாவரம் பெற்ற எட்டுப் பேர் அதில் வரிசையாக நிற்பார்கள், துணியை விட்டு அரை விரல் உயரம் புடைத்துக்கொண்டு. அங்கே இருந்த நாட்களில் ஒரு பாட்டியிடம் இந்த எம்பிராய்டரி வேலையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஆரி, ஜர்தோசி தெரிந்தவர்களுக்குக் கை சீக்கிரம் பழகிவிடும். இதே முறையில் டிராகனும் செய்யலாம்; அதன் ஒரே ஒரு செதிலில் தொடங்குங்கள்.

துணியை ஃப்ரேமில் தட்டினால் மேளம் போல் ஒலிக்கும்படி இழுத்துக் கட்டி, ஐந்து ரூபாய் நாணய அளவில் செதிலை வரையுங்கள்.

அடுத்தது பஞ்சு. என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலை இதில்தான். நடுவில் உயரமாகவும் ஓரத்தில் சரிவாகவும் வைத்து, வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து இறுக்குங்கள். பாட்டி கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் உள்ளே போனால் பிரிக்கச் சொல்லிவிடுவார். கோயில் துணியை எல்லோரும் கீழே நின்றுதானே பார்க்கிறார்கள், மேடு இருந்தால்தான் விளக்கொளி அதில் பட்டு மின்னும்.

அப்புறம் தங்க ஜரிகை. அந்தக் காலத்தில் காகிதத்தில் தங்க ரேக்கு ஒட்டி, மெல்லிய பட்டையாக வெட்டி, நூல் மேல் சுற்றிச் செய்வார்கள். துணிக்குள் விட்டு இழுத்தால் தங்கம் உரிந்துவிடும். அதனால் ஊசியில் கோர்ப்பதே இல்லை. இரண்டு இழையைச் சேர்த்து மேலே படுக்க வைத்து, மெல்லிய நூலால் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே சுற்றி வாருங்கள். அடுத்த வரிசைத் தையல், செங்கல் அடுக்குவது போல, முந்தைய இரண்டு தையலுக்கு நடுவில் விழட்டும். பிடிக்கிற நூல் சிவப்பாக இருந்தால் பொன் சிவந்து தெரியும், மஞ்சள் என்றால் வெளிறித் தெரியும். நான் எப்போதும் சிவப்புதான்.

இழை முனைகளை மட்டும் தடித்த ஊசியால் பின்பக்கம் இறக்கித் தைத்துவிடுங்கள். பின்னால் மெல்லிசாகப் பசை தடவி, நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் கொஞ்சம் துணி விட்டு வெட்டுங்கள். அந்த ஓரத்தைப் பின்னால் மடித்துவிடுங்கள். இப்படிச் செய்த செதில்களை டிராகனின் உடல் மேல், வாலில் தொடங்கித் தலைப் பக்கமாக, ஒன்றின் அடிப்பகுதியை அடுத்தது மூடும்படி தைத்துக்கொண்டே போங்கள்.