தூங்குமூஞ்சிக் கன்றின் கடிகாரத்தைப் படிப்பது எப்படி?

இலை எப்போது விரிய வேண்டும், எப்போது கூம்ப வேண்டும் என்று சொல்லும் கடிகாரம் ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது. அடையாறில் எங்கள் தெருமுனை மரத்தடியில் பொறுக்கிய விதையிலிருந்து முளைத்த ஒரு சாண் தூங்குமூஞ்சிக் கன்றுதான் என் சோதனைச்செடி. புளியங்கன்றும் ஆகும்.

தண்ணீர் ஊற்றி, தொட்டியோடு வெளிச்சம் புகாத அலமாரியில் வையுங்கள். இரண்டு மணிக்கொரு தரம், இலை விரிந்திருக்கிறதா கூம்பியிருக்கிறதா என்று நோட்டில் குறியுங்கள். பார்க்கும்போது வெளிச்சம் கடிகாரத்தைக் குழப்பாதிருக்க, டார்ச் முகப்பில் பச்சை ஜெலட்டின் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் வெறும் டார்ச்சை அடித்துக் கணக்கையே கெடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் போதும். அதற்குமேல் கன்று வாடிவிடும்.

வெயிலே படாமல் காலையில் இலை விரியும்! 1729-இல் பிரான்சில் தெ மேரான் என்ற அறிவியலாளர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடியில் கண்டது இதைத்தான். ஒரு விரிதலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரமே கடிகாரத்தின் ஒரு சுற்று.

மரபணு பிறழ்ந்தால் இந்தச் சுற்றே மாறும். கடுகுக் குடும்பத்து அரபிடாப்சிஸில் மின்மினியின் ஒளிர்மரபணுவைச் சேர்த்து, செடி மினுங்கி மங்குவதை அளந்தே 1995-இல் ‘டாக்1’ பிறழ்வைப் பிடித்தார்கள். அதில் சுற்று சுமார் 21 மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. ‘சைட்லூப்பே’ மரபணு கெட்டாலோ சுற்று நீளும்.

உங்கள் நோட்டில் 22 மணி என்று வந்தால் உடனே பிறழ்வு என்று துள்ளாதீர்கள். அதே மரத்து விதையில் முளைத்த இன்னும் நான்கு கன்றுகளையும் அதே அலமாரியில் வைத்து, அவற்றின் சுற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.