நல்ல வோட்காவை வீட்டில் கெடுக்கும் தவறுகள்

டாஸ்மாக் எலைட் கடையில் பெரிய விலை கொடுத்து வாங்கிய வோட்காவைத் திறந்ததுமே டம்ளரில் பாதி ஊற்றி, மீதியை ஸ்ப்ரைட்டால் நிரப்புகிறார்கள். அப்படிக் குடிக்கச் சாதாரணச் சரக்கே போதும். விலை கூடிய வோட்காவின் ருசி ரொம்ப மெல்லியது. போலந்தின் பெல்வெடேர் ரை தானியத்தில் செய்வது, லேசாக மிளகு காரம் தெரியும். பிரான்ஸின் கிரே கூஸ் கோதுமையில் செய்வது, மிருதுவாக இறங்கும். எதுவும் கலக்காமல் முதலில் 30 மில்லியை நிதானமாக ருசித்துப் பாருங்கள். அப்புறம் கலக்க ஆசை வந்தால் வெறும் சோடாவும் ஒரு துண்டு எலுமிச்சைத் தோலும் போதும்.

ஆனால் வடசென்னை வீடுகளில் வோட்காவை அதிகம் கெடுப்பது ஐஸ்தான். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரமும் இறாலும் ஃப்ரீசரில் இருக்கும். பக்கத்திலேயே மூடி இல்லாத ஐஸ் டிரே. நாலு நாளில் மீன் வாடை முழுக்க ஐஸில் ஏறிவிடும். ரம்மில் இது தெரியாமல் போகலாம், வோட்காவில் ஒளிய இடமில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு கட்டியை வெறும் தண்ணீரில் கரையவிட்டு முகர்ந்து பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் அதுவும் அப்படியே வரும். நல்ல கேன் தண்ணீரை மூடியுள்ள டிரேயில் ஊற்றி, முந்தின நாள் உறைய வைத்த ஐஸையே போடுங்கள். மீனுக்குப் போடும் பார் ஐஸை உடைத்துக் கொண்டுவரவே வேண்டாம், அது குடிதண்ணீரில் செய்ததா என்று யாருக்குத் தெரியும்?

பாட்டிலை நாள்கணக்கில் ஃப்ரீசரில் வைப்பது இன்னொரு பழக்கம். 40 சதவீத ஆல்கஹால் இருப்பதால் மைனஸ் 18 டிகிரியிலும் வோட்கா உறையாது, சரி. ஆனால் அந்தக் குளிரில் மணம் அடங்கிவிடும். மலிவான வோட்காவின் நெடியை மறைக்க அது உதவும். நல்ல வோட்காவுக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக் குளிர் போதும். ஊற்றுவது கண்ணாடி டம்ளராக இருக்கட்டும், பிளாஸ்டிக் கப் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள மிளகாய் தூக்கலான வறுவல் வைத்தால் ருசி போச்சு. மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்புகளை ஆல்கஹாலும் தூண்டுவதால் எரிச்சல் இரட்டிப்பாகும். ரஷ்யாவிலும் போலந்திலும் ஊறுகாய் வெள்ளரியும் உப்பிட்ட மீனும்தான் துணை. நம்மிடம் வெள்ளரிப்பிஞ்சு இருக்கிறது, மாவடு இருக்கிறது, காரம் குறைத்து மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி இருக்கிறது. என் ஓட்டு நெத்திலிக்கு. வெறும் வயிற்றில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாரிமுனையில் பர்மா நூடுல்ஸான அத்தோ வாங்கி வந்திருந்தால் முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு உட்காருங்கள்.

எனர்ஜி டிரிங்க் கலப்பது ஆபத்து. அதிலுள்ள காஃபின் போதையை மறைப்பதால் அளவு தெரியாமல் உள்ளே போகும். விலை கூடிய சரக்கு ஏறாது என்பதும் தப்பு, ஆல்கஹால் எல்லாவற்றிலும் ஒன்றுதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம், குடித்த நண்பரிடம் பைக் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மீதி பாட்டிலை இறுக்கி மூடி, வெயில் படாத அலமாரியில் நிற்க வையுங்கள். படுக்க வைத்தால் கார்க் மூடி சரக்கில் ஊறிக் கெடும்.