செம்மண்ணில் ஓயாமல் கத்திய டிடெக்டர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்து, பிறகு இடித்துப்போட்ட பழைய லயத்து மண்ணில் (தோட்ட மேனேஜர் அனுமதியோடுதான்) அப்பாவும் நானும் மெட்டல் டிடெக்டர் (உலோகம் தேடும் கருவி) வைத்துப் பழைய காசு தேடுகிறோம். டிடெக்டர் ஓயாமல் கத்தினால் கருவியைத் திட்டாதீர்கள். செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். மண்ணே சிக்னல் கொடுக்கும்.

சென்சிட்டிவிட்டியை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தோம். உலோகம் இல்லாத இடம் பார்த்து, காயிலை (தண்டின் நுனியிலுள்ள வட்டத் தலை) 30 செ.மீ. உயரத்திலிருந்து தரைக்கு 3 செ.மீ. வரை இறக்கி ஏற்றி, சத்தம் மாறாமல் நிற்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸைத் (மண்ணின் சிக்னலை ஒதுக்கும் திருகு) திருப்பினோம். லயத்தை விட்டுப் பால்மரக் (ரப்பர்) காட்டுக்குள் போனால் இதை மறுபடி செய்யவேண்டும், மழைக்குப் பிறகும்தான். அப்படியும் விட்டுவிட்டுக் கத்தியது. காயில் வயர் தண்டில் தளர்ந்து ஆடியிருக்கிறது! வெல்க்ரோ போட்டு இறுக்கியதும் அடங்கியது.

துருப்பிடித்த தகரம் காசு மாதிரியே ஏமாற்றும். காயிலை ஒரு முழம் தூக்கிப் பாருங்கள். அப்போதும் கத்தினால் பெரும்பாலும் தகரம்.

ரோமானியக் காசுக்குக் கரூர்ப் பக்கம் போகவேண்டும். இங்கே 1939, 1940, 1941 என்று ஆண்டு பொறித்த மலாயாவின் சதுர ஒரு காசு (ஒரு சென்ட்) நாணயம் கிடைத்தாலே யோகம். அதைப் புளி போட்டு விளக்காதீர்கள் (அப்பாவுக்கு அந்த ஆசை உண்டு). வெண்கலத்தின் மேல்படலம் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை எடுத்தால் போதும். அதைவிடப் பழமையானது ஏதாவது தென்பட்டால் தோண்டுவதை நிறுத்தி மாவட்ட அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டம் இருக்கிறது.