கடைசியாக வைத்ததே முதலில்: மேஜிக் கார்டு விளையாட்டில் ஸ்டாக்

லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருக்கும் அக்கா மகனுக்கு மேஜிக்: தி கேதரிங் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாம் நாளே, "மாமா, நான்தான முதல்ல போட்டேன்லா, எங் கார்டு முதல்ல வேலை செய்யாண்டாமா?" என்று மல்லுக்கு நின்றான். புதிதாக ஆடும் எல்லோரும் தடுக்கிவிழும் இடம் இது.

ஆச்சி வீட்டில் காலையில் பத்தமடைப் பாய்களை மடித்து மூலையில் அடுக்குவோம். முதலில் எழுந்தவன் பாய் அடியில், கடைசியாக எழுந்தவன் பாய் மேலே. ராத்திரி எடுக்கும்போது மேல்பாய்தான் முதலில் கைக்கு வரும். போட்ட கார்டுகள் வேலை செய்யக் காத்திருக்கும் அடுக்கான ஸ்டாக் என்பதும் அப்படித்தான். 1993-ல் வந்த இந்த விளையாட்டில், 1999-ல் ஆறாம் பதிப்போடுதான் இந்த விதி நுழைந்தது.

முதலில் மூன்று கார்டுகளை எடுங்கள். க்ரிஸ்லி பேர்ஸ்: 2/2 கரடி, அதாவது அடிக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2. லைட்னிங் போல்ட்: 3 அடி. ஜயன்ட் க்ரோத்: அந்த முறை முடியும்வரை +3/+3.

கரடி உங்களுடையது. எதிராளி அதன்மேல் போல்ட் போடுகிறார். அடி உடனே விழாது. கார்டை மேசை நடுவில் வையுங்கள். இப்போது பதில் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு உண்டு. க்ரோத்தை போல்ட்டின் மேலே வையுங்கள். இருவரும் அடுத்தடுத்து "பாஸ்" சொன்னால் மேல்கார்டு மட்டும் நடக்கும். கரடி 5/5 ஆகிறது. பிறகு இருவரும் மறுபடி பாஸ் சொன்னால் போல்ட் 3 அடிக்கும், கரடி பிழைக்கும்.

இனி வரிசையை மாற்றுங்கள். நீங்கள் முதலில் க்ரோத் போட, எதிராளி அதன்மேல் போல்ட் வைக்கிறார். போல்ட் முதலில் நடக்கும், 2/2 கரடி சாகும். க்ரோத்துக்குக் குறி இல்லாததால் அது வீணாகும். அதே மூன்று கார்டுகள்தான். யார் பொறுத்திருந்தார் என்பதில்தான் வித்தியாசம்.

ஒவ்வொரு கார்டும் நடந்து முடிந்ததும் மறுபடி பேச இருவருக்கும் வாய்ப்பு வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் ஆட்டத்தில் கரடி 5/5 ஆனபின், முதல் போல்ட் இன்னும் காத்திருக்கும்போதே, எதிராளி இரண்டாவது போல்ட் போடலாம். மொத்தம் 6 அடி, கரடி தாங்காது. அதனால் அடுக்கை ஒரே மூச்சில் கலைத்துவிடாதீர்கள். ஒன்றை எடுங்கள், எதிராளி முகத்தைப் பாருங்கள், பிறகு அடுத்தது.

லேண்ட் எனும் நிலக் கார்டை வைப்பதும், அதைத் திருப்பி மனா (கார்டு போடச் செலவாகும் சக்தி) எடுப்பதும் ஸ்டாக்கில் ஏறாது; யாரும் குறுக்கிட முடியாது.

இது கைக்குப் பழகியதும் கவுண்டர்ஸ்பெல்லைச் சேர்த்து ஆடிப்பாருங்கள். அது ஸ்டாக்கில் காத்திருக்கும் மந்திரத்தைத்தான் ரத்து செய்யும். போல்ட் அடித்து முடித்தபின் எடுத்து நீட்டினால், குறிவைக்க அங்கே ஒன்றும் இருக்காது.