அமியோடரோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

மற்ற மாத்திரைகளுக்கு அடங்காத ஒழுங்கற்ற இதயத் துடிப்பையும் அமியோடரோன் பெரும்பாலும் அடக்கிவிடும். ஆனால் இது உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கும் மருந்து. நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். அதனால் பக்கவிளைவு வந்ததென்று நீங்களாக நிறுத்தினால் அது மறுநாளே போய்விடாது. அடங்கிக் கிடந்த துடிப்புதான் பிறகு கிளம்பும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான்.

வழக்கமாக 200 மி.கி. மாத்திரையை முதல் வாரம் தினம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்று என இறக்குவார்கள். உங்கள் சீட்டில் உள்ள தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். குறைக்க வேண்டிய நாளை மறந்து மூன்றையே தொடர்வது ஆபத்து. குமட்டினால் சாப்பாட்டோடு போடுங்கள்.

தினம் காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து நாடியை முழு 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கற்ற துடிப்பில் கணக்கு தப்பும். 50-க்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடவே மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது தைராய்டு. ஒரு 200 மி.கி. மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது, உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்தான். சிலருக்குத் தைராய்டு மந்தமாகும்: அசதி, மலச்சிக்கல், எடை கூடுதல், மின்விசிறிக் காற்றே குளிர்வது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அமியோடரோனை நிறுத்தாமலே தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை கொடுத்துச் சரிசெய்யலாம். சிலருக்கு நேர்மாறாகும்: எடை இறங்கும், கை நடுங்கும், ஒழுங்காக இருந்த துடிப்பு காரணமில்லாமல் மறுபடி கெடும். அப்போது முதலில் டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து தொடங்கும் முன்பும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் டி.எஸ்.எச்., கல்லீரல் பரிசோதனை இரண்டும் தேவை.

வறட்டு இருமலும் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் தூசி அலர்ஜி போலவே தோன்றும். நுரையீரல் பாதிப்பின் தொடக்கமாக இருக்கலாம். இருமல் டானிக்கில் நாளைக் கடத்தாதீர்கள். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது பெரும்பாலும் தீங்கற்றது. பார்வையே மங்கினால் உடனே கண் மருத்துவர்.

வெயில் பட்ட இடம் எளிதில் வெந்து சிவக்கும். பஸ் ஜன்னல் கண்ணாடி இதற்குக் காப்பு இல்லை. முழுக்கைச் சட்டை, குடை, ஜிங்க் ஆக்சைடு உள்ள கிரீம் வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அமியோடரோன் சேர்ந்ததும் ரத்தம் கூடுதலாக நீர்த்துப்போகும். முதல் சில வாரங்கள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) வாரம் ஒருமுறை பாருங்கள். பல் ஈறில் ரத்தம், கறுப்பு மலம் கண்டால் காத்திருக்காதீர்கள். டிகாக்ஸின் என்ற இதய மருந்தின் அளவையும் வழக்கமாகப் பாதியாக்குவார்கள். மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சலுக்குக் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் இரண்டும் இதனுடன் சேர்ந்தால் துடிப்பை அபாயகரமாகத் தடம் மாற்றக்கூடும். பேதியால் பொட்டாசியம் இறங்கிய நேரத்தில் இன்னும் மோசம். பம்பளிமாஸ் பழத்தையும் தவிர்த்துவிடுங்கள்.