உங்கள் வகுப்பைப் பார்க்க ஒரு வழித்துணை: இணையவழியில் தொடங்குவது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். பக்கத்து அறையில் தலைமையாசிரியர் ஒன்று முதல் மூன்று வரை பார்த்துக்கொள்கிறார். நான் பாடம் நடத்துவதை இன்னோர் ஆசிரியர் நிதானமாகப் பார்த்து, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னது, பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் நடந்தது. அதுவும் செல்பேசி வழியாக. இப்படி நம் வகுப்பைப் பார்த்துப் பேசும் சக ஆசிரியரைத்தான் வழித்துணை என்கிறேன்.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் நல்ல விஷயங்கள் கிடைக்கின்றன. ஆனால் கேட்டு வந்ததை மறுநாள் வகுப்பில் செய்து பார்க்கும்போது நாம் தனியாகத்தான் நிற்கிறோம். பயிற்சிக்குப் பிறகு வகுப்பறையிலேயே ஒருவர் துணை நின்றால்தான் கற்றது கைவரும் என்று ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதினார்கள். 2018இல் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் ஆகிய மூன்று கல்வி ஆய்வாளர்கள் 60 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். இப்படித் துணை கிடைத்த ஆசிரியர்களின் கற்பித்தலும் மாணவர்களின் கற்றலும் முன்னேறியிருந்தன. நேரில் கிடைத்த துணைக்கும் இணையவழியில் கிடைத்த துணைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்ததையும் கண்டார்கள். ஆகவே இரண்டு பேராகத் தொடங்குங்கள்.

முதல் படி: ஆளைத் தேடுங்கள்

நீங்கள் நடத்தும் வகுப்பையே நடத்துபவராக இருந்தால் நல்லது. உங்களைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை எழுதும் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் முன்னால் நம் கை தானாகவே கட்டிக்கொள்ளும். எனக்கு வாய்த்தவர் தொண்டிப் பக்கத்து ஆசிரியை. ஒரு பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வயதில் மூத்தவர், "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறேன். பஸ்ஸில் அவர் பள்ளிக்குப் போய்வர எனக்கு ஒரு நாள் முழுதும் வேண்டும். செல்பேசியில் அரை மணி நேரம் போதும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு கேள்வி

"என் வகுப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: வினா கேட்டபின் பிள்ளைகளுக்கு யோசிக்க நேரம் தருகிறேனா? மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் இதை அளந்து பார்த்தார். பெரும்பாலான ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் வைத்தே பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: பத்து நிமிடப் பதிவு

முதலில் தலைமையாசிரியரின் அனுமதி, பிறகு பெற்றோருக்குத் தகவல். எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்ற மூன்றையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். செல்பேசியைப் பிள்ளைகளுக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில், ஜன்னல் திண்டிலோ அலமாரியிலோ சாய்த்து வையுங்கள். உங்கள் முகமும் பிள்ளைகளின் கைகளும் தெரிந்தால் போதும். அவர்கள் முகம் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பதிவு எந்தக் குழுவுக்கும், எந்த நிலைத்தகவலுக்கும் போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நம் கரைக்கென்று இரண்டு குறிப்புகள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள், இல்லையென்றால் பதிவில் காற்றின் இரைச்சல் மட்டுமே இருக்கும். படகுகள் கரை திரும்பும் காலைகளில் சில பிள்ளைகள் வர மாட்டார்கள் என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

பதிவை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் தெளிவு குறையும். கூகுள் டிரைவில் ஏற்றி, அந்த ஒருவருக்கு மட்டும் திறக்கும்படி இணைப்பை அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் தனியாக ஒருமுறை பார்த்து, மனதில் பட்ட இடங்களின் நிமிடம், விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உரையாடல்

எல்லாம் இதில்தான் இருக்கிறது. என் முதல் பதிவில் ஒரு பெருக்கல் கணக்கு: "ஒரு கூறு மீன் 120 ரூபாய் என்றால் மூன்று கூறு எவ்வளவு?" கேட்ட கையோடு, "120ஐ மூன்றால் பெருக்க வேண்டும், இல்லையா?" என்று நானே சொல்லிக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். அக்கா அதைத் தவறு என்று சொல்லவில்லை. "நாலாவது நிமிடத்தில் ஜன்னலோரப் பிள்ளை என்ன செய்கிறாள், பாருங்கள்" என்றார். திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் விரல்கள் பெஞ்சின் மேல் நகர்ந்துகொண்டிருந்தன. நான் விடையை எழுதியதும் நின்றுவிட்டன. அவள் அம்மா கரையில் மீன் கூறு போட்டு விற்பவர். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று அவளை நான் நினைத்திருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழித்துணையாக இருப்பவர் பழக வேண்டியது இந்த முறையைத்தான். தீர்ப்பு வேண்டாம், கண்ணில் பட்டதைக் காட்டிக் கேள்வி கேளுங்கள். அறிவுரையை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். முடிவில், அடுத்த வகுப்பில் செய்து பார்க்க ஒரே ஒரு மாற்றத்தை இருவரும் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: திரும்பச் செய்தல்

இரண்டு வாரம் கழித்து அடுத்த பதிவு. அமெரிக்காவின் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான 'மை டீச்சிங் பார்ட்னர்' திட்டத்திலும் ஏறக்குறைய இதே இடைவெளிதான்: ஆசிரியர் பதிவை அனுப்புவார், துணையாளர் அதிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துத் தருவார், பிறகு பேசுவார்கள்.

இரண்டாவது பதிவில் மனதுக்குள் மூன்று எண்ணிக் காத்திருந்தேன். அந்தப் பிள்ளை சொன்னாள்: "இரண்டு கூறு இருநூற்று நாற்பது, இன்னொன்று சேர்த்தால் முந்நூற்று அறுபது." பெருக்கலை அவள் வழியிலிருந்தே அன்று வகுப்பு முழுவதற்கும் விளக்கினேன்.

ஆறாம் படி: நால்வராவது

நான்கைந்து சுற்று முடிந்த பிறகு இன்னும் இருவரைச் சேர்க்கலாம். பாடக்குறிப்புகளை ஒரே கூகுள் ஆவணத்தில் வைத்து, அவரவர் வகுப்பில் நடந்ததை ஓரத்தில் எழுதுங்கள். கூகுளின் காணொளிக் கூட்டச் செயலியான இலவச மீட்டில் மூவரோ அதற்கு மேலோ கூடினால் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒருவருடைய பதிவு என்று வைத்துக்கொண்டால் அது போதும். நால்வருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தால், காலை வணக்கப் படங்களுக்கு அதில் இடம் தராதீர்கள். முறை மாறிக்கொண்டே இருக்கட்டும். எப்போதும் ஒருவரே வழிகாட்டியாக இருந்தால் மற்றவர்கள் மெல்லப் பேசாமலாகிவிடுவார்கள்.

வரும் சனிக்கிழமை அக்காவின் பின்னப் பாடம். பதிவு நேற்றே வந்துவிட்டது. "கடைசி வரிசை என்னைக் கவனிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டு முறை பார்த்துவிட்டேன். ஆறாவது நிமிடத்தில் கடைசி வரிசையில் ஒரு பையன் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பற்றித்தான் அக்காவிடம் கேட்கப்போகிறேன்.