"ஃப்ரீலான்சர்தானே" என்று விட்டால்: கொழும்பு கம்பனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தே முக்கால். "தங்கச்சி, சின்ன வேலை ஒண்டு. இங்கிலீஷும் சிங்களமும் முடிஞ்சுது, தமிழ் மட்டும்தான் மிச்சம். திங்கட்கிழமை காலமை பிரிண்டுக்குப் போகுது." வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் இருந்து ஆறு வருஷம் மொழிபெயர்த்த காலத்தில் இந்த வட்ஸ்அப் செய்தி எத்தனை தடவை வந்தது என்று கணக்கில்லை. இப்போது நான் மேசைக்கு மற்றப் பக்கம். ஒரு விளம்பர அலுவலகத்தில் இருந்து வெளியாட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறேன்.

இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று விளங்கியது. ஃப்ரீலான்சரை ஏமாற்றவே வேண்டும் என்று நினைக்கும் கம்பனி குறைவு. ஆனால் "இவருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் யார்?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் தங்கச்சிச் செய்தியையே எடுங்கள். எத்தனை சொல், சொல்லுக்கு எவ்வளவு, எத்தனை தடவை திருத்தம், காசு எப்போது, ஒன்றும் அதில் இல்லை. ஒருமுறை என்னிடம் இப்படி வேலை வாங்கிய மனேஜர் அடுத்த மாதமே வேறிடம் போய்விட்டார். அவர் கதிரைக்கு வந்தவர், "அப்படி ஒரு வேலை நடந்ததே எனக்குத் தெரியாதே" என்றார். பொய்யில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. மூன்று மாதம் அலைந்து பாதிக் காசு வாங்கினேன். அரைப் பக்க ஈமெயில் ஒன்று போதும். மேலே சொன்ன நாலு விஷயம், வேலை பாதியில் நின்றால் செய்த அளவுக்கு என்ன கொடுப்பீர்கள் என்பது, பிரச்சினை வந்தால் கூப்பிட வேண்டிய ஆளின் பெயர். வேலை தொடங்க முதல் அது போக வேண்டும். முடிந்த பிறகு "சிஸ்டத்துக்காக" ஓடர் அடிப்பது ஃப்ரீலான்சருக்கு ஒரு பாதுகாப்பும் தராது.

அடுத்தது, "கிளையன்ட் தந்ததும் தருவோம்" என்ற பேச்சு. கிளையன்டைத் தேடிப் பிடித்தது கம்பனி, லாபம் எடுப்பது கம்பனி. அவர் இழுத்தடித்தால் பட்டினி மட்டும் மொழிபெயர்ப்பாளருக்கா? 2022 இல் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட நின்றது, மே மாதம் 360 ஐத் தொட்டது. 90 நாள் கடனுக்கு இன்வொய்ஸ் போட்டவர்களுக்குக் கடைசியில் முழுத் தொகையும் கிடைத்தது, ஆனால் அந்தக் காசுக்கு வாங்கக்கூடிய சாமான் குறைந்துபோயிருந்தது. 30 நாள் என்பது நியாயமான எல்லை. மாதக்கணக்கில் ஓடும் வேலை என்றால் மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் கொடுங்கள். வங்கிக்கு வங்கி அதே நிமிஷத்தில் காசு போகும் காலத்தில், "செக் எழுதுறது வெள்ளிக்கிழமை மட்டும்தான்" என்பதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

வரியிலும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. மென்பொருள் செய்பவர், கணக்காளர், விரிவுரையாளர் போன்ற தனிநபர்களுக்கு ஒரு மாதத்தில் 100,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், 5 சதவீதம் நிறுத்திவைத்தல் வரியாகக் கழித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். 2023 ஜனவரியில் இருந்து இதுதான் நடைமுறை. சரி, கழியுங்கள். ஆனால் எல்லைக்குக் கீழே இருப்பவரிடமும் "ஒரு சேஃப்டிக்கு" கழிக்கிறார்கள், கழித்த பிறகு சான்றிதழ் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். அந்தத் தாள் இருந்தால்தான் அவர் தன் வருஷ வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியும். இல்லாவிட்டால் அது அவருக்கு வெறும் சம்பள வெட்டு.

இனி எல்லாவற்றையும் விடப் பெரியது. காலை எட்டரைக்கு விரல் வைத்து உள்ளே வருகிறார், கம்பனி கணினியில் வேலை செய்கிறார், லீவுக்கு மனேஜரிடம் கேட்கிறார், வேறு இடத்தில் வேலை எடுக்கவும் கூடாது. ஆனால் தாளில் மட்டும் "ஃப்ரீலான்ஸ்". இதற்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை, ஐந்து வருஷம் கழித்துப் பணிக்கொடையும் இல்லை. விஷயம் தொழில் நியாய சபைக்குப் போனால் ஒப்பந்தத்தின் தலைப்பை மட்டும் பார்த்து விடமாட்டார்கள், வேலை உண்மையில் எப்படி நடந்தது என்றும் பார்ப்பார்கள். ஆள் ஊழியர் என்றால் ஊழியராக எடுங்கள்.

உண்மையான ஃப்ரீலான்சர் என்றால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். மாதம் 100,000 ரூபாய் சம்பளத்தை 30 ஆல் பிரித்து "நாளுக்கு 3,333 தருகிறோம்" என்பது பலர் போடும் கணக்கு. அதே சம்பளக்காரருக்குக் கம்பனி சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் கட்டுகிறது. அப்போது மாதம் 115,000, வருஷத்துக்கு 1,380,000. சனி ஞாயிறு, போயா, 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு எல்லாம் கழித்தால் அவர் வேலை செய்வது ஏறக்குறைய 230 நாள். பிரித்துப் பாருங்கள், நாளுக்கு 6,000 வருகிறது. லெப்டொப், கரண்ட் பில், காய்ச்சலில் படுக்கும் நாள் எதுவும் இதில் இன்னும் சேரவில்லை.

வெளிக்களத்துக்கு அனுப்பும் படப்பிடிப்பாளர், உரைபெயர்ப்பாளர் விஷயம் சுருக்கம். கொழும்பில் இருந்து முல்லைத்தீவுக்கு இரவு பஸ்ஸில் அனுப்பினால் பயணச் செலவை முன்னாலேயே கொடுங்கள். இவர்கள் உங்கள் ஊழியர் இல்லை, அதனால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை நம்பிப் போக முடியாது. ஆகவே அந்தச் சில நாள்களுக்கு ஒரு விபத்துக் காப்புறுதி எடுத்துக் கொடுங்கள். கிளையன்ட் பக்கத்து ஆள் இரவு பதினொரு மணிக்குத் தேவையில்லாத மெசேஜ் அனுப்பினால் சொல்வதற்கு ஒரு ஆளும் வேண்டும்.

தமிழ் வேலைக்கே உரிய ஒரு தவறும் உண்டு. நான் சரியாகத்தான் அனுப்புவேன். தமிழ் வாசிக்கத் தெரியாத டிசைனர் அதை எடுத்துத் தன் மென்பொருளில் ஒட்டுவார். அதில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், "கொ" மூன்று துண்டாக உடையும். இடம் போதவில்லை என்று வரியை நடுச்சொல்லில் வெட்டுவதும் உண்டு. சாமான் பெட்டி அச்சாகிக் கடைக்கு வந்ததும் யாரோ படம் பிடித்து முகநூலில் போடுவார்கள். உடனே ஃபோன் வரும், "உங்கட தமிழ் பிழையாம்." ஒருமுறை நான் அனுப்பிய மூல ஃபைலையே காட்டியும் என் காசில் வெட்டினார்கள். இறுதிப் பிரதியைக் கண்ணிலேயே காட்டாமல் பழியை மட்டும் அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

எங்கள் அலுவலகத்தில் இப்போது, தமிழ் ஆள் இறுதிப் பிரதியைப் பார்த்து "சரி" என்று ஈமெயில் போடும் வரை ஃபைல் அச்சகத்துக்குப் போகாது. அந்த அரை மணி நேரத்துக்கும் காசு உண்டு. முதல் மாதம் எக்கவுண்ட்ஸ் அண்ணா என் மேசைக்கே வந்து, "சரி எண்டு சொல்லுறதுக்கும் காசா?" என்று கேட்டார். போன வருஷம் பெட்டிகளைத் திரும்ப அடித்ததற்கு அச்சகம் அனுப்பிய பில்லை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு வவுச்சரில் கையெழுத்துப் போட்டார்.